முற்றத்தைத் தேடி வெளியே போகிறோம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோ மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, வணக்கம்.

புலம்பெயர்ந்த மண்ணில் குடும்பத் திருநாட்கள் நிலைப்பது பழைய வழக்கத்தை அப்படியே பேணுவதாலா, புதிய நிலத்தின் வெட்டவெளியில் புதிய வழக்கங்களைத் தொடங்குவதாலா என்பது இன்றைய கேள்வி. தொடங்குவதாலேயே என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் யாழ்ப்பாணத்துப் பொங்கலை நம் கண்முன் நிறுத்தினார்: சாணம் மெழுகிய முற்றம், மாக்கோலம், மூன்று கல் வைத்த அடுப்பு, பொங்கிச் சரியும் பானை, வெடிச்சத்தம். நானும் அப்படியொரு முற்றத்தில் நின்று வளர்ந்தவள்தான். ஆனால் அவர் அடுக்கியவற்றுள் ஒன்றுகூட வீட்டுக்குள் நடக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

தைப்பொங்கலன்று ரொறன்ரோவில் சூரியன் எழுவதற்குக் காலை 7.45 தாண்டிவிடும். அதற்குள் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்காகக் கையுறை தேடிக்கொண்டிருப்பார்கள். மின்னடுப்பில் பானை வைத்து, பால் பொங்கி வழிந்து கருகும் நேரத்தில் கூரையிலுள்ள புகை எச்சரிக்கை மணி அலற, யாரோ ஒருவர் நாற்காலியில் ஏறித் துவாயால் விசிறுவார். என் இளைய மகன் ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் பொங்கலை வரைந்து வந்தான். படத்தில் பானை இருந்தது, அடுப்பு இருந்தது, அந்த எச்சரிக்கை மணிகூடச் சிவப்பு நிறத்தில் இருந்தது. சூரியன் மட்டும் இல்லை. சூரியனுக்கு நன்றி சொல்லும் விழாவை அவன் அப்படித்தான் அறிந்திருந்தான்.

பொங்கலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் பொங்குகிறோம். அந்த விழாவுக்கு உயிர் கொடுத்த முற்றம் இந்த ஊரில் தை மாதத்தில் கிடைக்காது, வேறு மாதங்களில் கிடைக்கும், அதைத் தேடிப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

"வழக்கத்தை யாராவது உட்கார்ந்து உருவாக்க முடியுமா?" என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். பெப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமையன்று ஒன்ராறியோ மாகாணத்தில் நாம் அனைவரும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் குடும்ப நாள் 2008ஆம் ஆண்டில்தான் இங்கே தொடங்கியது. அவர் பெருமையோடு குறிப்பிட்ட தமிழ் மரபுரிமை மாதத்தைக் கனடிய நாடாளுமன்றம் ஏற்றது 2016இல். பழைமையைக் காக்க அவர் எடுத்துவந்த சான்றே நம் பிள்ளைகளைவிட இளையது என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் குடும்பம் தொடங்கிய வழக்கம் மிகச் சிறியது. மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், ரொறன்ரோவுக்கு வடக்கே, மேப்பிள் பாகு காய்ச்சும் தோப்புக்குப் போவோம். இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலுமாக வெப்பநிலை ஏறி இறங்கும் அந்தச் சில வாரங்களில்தான் மரத்தில் சாறு ஓடும். அடிமரத்தில் சிறு துளையிட்டுக் குழாய் செருகி வாளியைத் தொங்கவிட்டிருப்பார்கள்; அதில் சொட்டுவது பார்வைக்கு வெறும் தண்ணீர். ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றை வற்றக் காய்ச்சினால்தான் ஒரு லீற்றர் பாகு கிடைக்கும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்நிலத்தின் முதற்குடிகளான அனிஷினாபே மக்கள் இனிப்பெடுத்த மரம் அது. பின்னால் வந்தவர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். வந்த நிலத்தில் கற்றுக்கொள்வது இங்கே நாம் புதிதாகச் செய்யும் காரியமும் அன்று.

முதல் ஆண்டு என் அம்மா வர மறுத்தார். பனிக்குள் நின்று மரத்தைப் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவருடைய வாதம். எதிரணியும் இன்று ஏறக்குறைய அதையேதான் சொன்னது. இரண்டாம் ஆண்டு, பேரப்பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் வந்தார். வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இதென்ன, பச்சைத் தண்ணியாய்க் கிடக்குது. எங்கட கருப்பணி இதைவிட எவ்வளவு இனிப்பு" என்றார். அவர் சொன்னது சரி. பனஞ்சாற்றின் இனிப்பு இதைவிடப் பல மடங்கு. ஆனால் அகன்ற தட்டில் சாறு கொதித்து ஆவி மேலெழுந்தபோது அவர் அடுப்படியை விட்டு நகரவில்லை. பாளை சீவுவது, மண்முட்டி கட்டுவது, சுண்ணாம்பு பூசுவது, பதம் பார்ப்பது என்று, இருபது ஆண்டுகளாகச் சமையலறை மேசையில் எங்களுக்குச் சொல்லாத கதையெல்லாம் அந்த அடுப்பின் முன்னால் நின்று பிள்ளைகளுக்குச் சொன்னார். இளையவன் தன் அம்மம்மாவிடம் முதன்முதலாகத் தமிழில் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

ஒக்டோபரில் நன்றி நவிலல் நாளான திங்கட்கிழமையன்று ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்த்தபடி நடந்து, கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்பது எங்கள் இன்னொரு வழக்கம். ஸ்காபரோவை ஒட்டியே கிடக்கும் அந்தப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. நம்மில் எத்தனை பேர் அங்கே கால் வைத்திருக்கிறோம் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

கடந்த மார்ச்சில் அம்மா தம் கைப்பையில், யாழ்ப்பாணத்திலிருந்து உறவினர் கொண்டுவந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்றை மறைத்து எடுத்து வந்திருந்தார். பாகு காய்ச்சும் முதியவரிடம் ஓலையைப் பிரித்து ஒரு துண்டை நீட்டினார். அவர் வாயிலிட்டுச் சுவைத்து, கண்ணை மூடித் திறந்து, இது எந்த மரம் என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஒரு குச்சியை எடுத்துப் பனியில் நீண்ட கோடொன்றை இழுத்து, உச்சியில் விசிறி விசிறியாக ஓலைகளை வரைந்தார். என் மகன் பக்கத்தில் குந்தியிருந்து, அம்மா வரைய மறந்த முட்டியைப் பாளையோடு சேர்த்து வரைந்தான்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, அமர்கிறேன்.