பிரகதி உதவித்தொகை: ஐம்பதாயிரம் எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது?

[திரையில்: செல்போன். "விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது" என்று ஒரு வரி.]

இந்த ஒரு வரியைப் பார்த்ததும் பலரும் நிம்மதியாகப் போனை மூடி வைத்துவிடுகிறார்கள். பாதி வேலை இதற்குப் பிறகுதான். கல்லூரி சரிபார்க்க வேண்டும், அதற்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு, தேர்வுப் பட்டியலில் பெயர் வர வேண்டும், கடைசியில் வங்கிக் கணக்கு பணத்தை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். மதிப்பெண் இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இந்தப் படிகளில்தான்.

பிரகதி என்பது தொழில்நுட்பக் கல்வி படிக்கும் பெண்களுக்காக அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ., 2014-15 முதல் நடத்திவரும் திட்டம். ஆண்டுக்கு 50,000 ரூபாய். பொறியியல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவருக்கு அதிகபட்சம் 4 ஆண்டு, அதாவது மொத்தம் 2 லட்சம். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் 3 ஆண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கும் 3 ஆண்டு. அதிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் (லேட்டரல் என்ட்ரி) சேர்ந்தால் 2. கல்லூரிக் கட்டணம், கணினி, புத்தகம், கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. விடுதிக்கென்று தனியாக எதுவும் கிடையாது.

[திரையில்: 5,000 + 5,000]

நாடு முழுவதற்கும் பட்டப்படிப்புக்கு 5,000 இடம், டிப்ளமோவுக்கு 5,000 இடம். மாநிலவாரியாகப் பிரித்து, மதிப்பெண் அடிப்படையில் தேர்வு செய்கிறார்கள். பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், டிப்ளமோவுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண். ஆகவே தகுதி இருக்கிறது என்பதும் கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். படிக்கும் கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்க வேண்டும்.

பி.எஸ்சி. இயற்பியலோ வேதியியலோ படிப்பவர்கள் இங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அவர்கள் பார்க்க வேண்டியது அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை. அது பெண்களுக்கு மட்டுமானது அல்ல. ஆனால் தொகை பெரியது: ஆண்டுக்கு 80,000. அதில் 60,000 கையில், 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. பிளஸ் டூவில் உங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய வாசல்.

சரி, பிரகதிக்கு வருவோம்.

[திரையில்: வருமானச் சான்றிதழ்]

முதலில் வாங்க வேண்டியது வருமானச் சான்றிதழ். தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போய் ஒப்புதல் பெறும். இணையதளம் திறந்த பிறகு ஓடினால், ஊரே அங்கே வரிசையில் நிற்கும். கல்லூரியில் இடம் உறுதியான வாரமே போட்டுவிடுங்கள். அண்ணனுக்கு மூன்று வருடம் முன்பு வாங்கிய பழைய சான்றிதழைப் பதிவேற்றுவது, விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நிச்சயமான வழி.

விண்ணப்பம் போடும் இடம் தேசிய உதவித்தொகை இணையதளம், சுருக்கமாக என்.எஸ்.பி. அதில் முதலில் ஓ.டி.ஆர். என்ற ஒரு முறைப் பதிவு. ஆதாரோடு முகத்தைச் சரிபார்த்து 14 இலக்க எண் தருவார்கள். படிப்புக் காலம் முழுக்க அதே எண்தான். எண் தொலைந்துபோனது என்று இரண்டாவது பதிவு போடப் பார்க்காதீர்கள். தொலைந்த எண்ணை மீட்க அந்தத் தளத்திலேயே வழி இருக்கிறது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அதே எழுத்து பெயருக்கு முன்னால். வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் முழுப்பெயர். நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். என்.எஸ்.பி. ஆதாரில் உள்ள பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகும்படி ஆதாரை முன்கூட்டியே திருத்துவதுதான் சுலபமான வழி. பள்ளி மதிப்பெண் பட்டியலைத் திருத்தப் போனால் மாதக்கணக்கில் இழுக்கும்.

[திரையில்: கல்லூரி அலுவலகம்]

சமர்ப்பித்த பின் விண்ணப்பம் உங்கள் கல்லூரியில் இந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பில் உள்ள நோடல் அலுவலரிடம் போகும். அச்செடுத்த விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது, அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ் ஆகியவற்றோடு அவரை நேரில் பாருங்கள். மாணவர்களுக்கான கடைசித் தேதி வேறு, கல்லூரி சரிபார்ப்பதற்கான கடைசித் தேதி வேறு. இரண்டாவது தேதி தாண்டிவிட்டால், நீங்கள் முதல் நாளே போட்டிருந்தாலும் பயனில்லை. நோடல் அலுவலர் மாறிப்போய், புதியவர் தளத்தில் பதிவு செய்யாமல் இருக்கும் கல்லூரிகளில் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாகத் தேங்கும். "சார், என்.எஸ்.பி. லாகின் இப்போ யார்கிட்ட இருக்கு?" என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நிலைப் பட்டியலில் 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் பதற வேண்டாம். அது நிராகரிப்பு இல்லை, திருத்தித் தரச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு தேதி உண்டு. வாரம் ஒரு முறையாவது உள்ளே போய்ப் பாருங்கள்.

[திரையில்: ஆதார், அம்புக்குறி, வங்கி]

இப்போது வங்கி. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். பணம் உங்கள் கணக்கு எண்ணைத் தேடி வருவதில்லை. ஆதார் எண்ணைத் தேடி வருகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியல், வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ. என்ற அமைப்பிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான், கடைசியாக எது இணைக்கப்பட்டதோ அது. கவுன்டரில் கேட்டால் "ஆதார் லிங்க் ஆயிருக்கும்மா" என்பார்கள். அது உங்கள் அடையாளத்துக்காகக் கொடுத்த ஆதாராக இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய சொல் 'சீடிங்', அதாவது அந்த என்.பி.சி.ஐ. பட்டியலில் உங்கள் ஆதாரை இந்த வங்கியோடு இணைப்பது. ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சில நாள் கழித்து மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். எந்த வங்கி, எந்தத் தேதியில் இணைந்தது, நடப்பில் இருக்கிறதா என்று காட்டும்.

பள்ளிக்காலத்தில் தொடங்கி வருடக்கணக்கில் தொடாத கணக்கு முடங்கிக் கிடக்கும். அதில் பணம் ஏறாது. அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கும், பணம் போட வரம்பு வைத்த கணக்கும் இதற்கு ஆகாது. மாணவியின் பெயரில் மட்டும் ஒரு சாதாரணச் சேமிப்புக் கணக்கு போதும். உதவித்தொகை கையில் வரும்வரை வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்காமல் இருப்பது நல்லது. அங்கே ஒரு பெட்டியில் யோசிக்காமல் டிக் போட்டால் சீடிங் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும்.

[திரையில்: 50,000 / 12,000]

இன்னொரு முடிச்சு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குத் தமிழ்நாடு அரசு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. திருமண உதவியாகக் கொடுத்துவந்த பணத்தைப் படிப்பின் பக்கம் திருப்பிய திட்டம் இது, நல்ல திருப்பம். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம் என்கிறது புதுமைப் பெண். பிரகதியோ, ஒன்றிய, மாநில அரசுகளின் வேறு உதவித்தொகை வாங்குபவர் தகுதியற்றவர் என்கிறது. எனவே உறுதிமொழியில் கையெழுத்திடும் முன், வாங்கும் எதையும் மறைக்காமல் நோடல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் கணக்கு கடினமில்லை: ஆண்டுக்கு 12,000-ஆ, 50,000-ஆ?

கிடைத்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு உயர்த்தப்பட்டதற்கான சான்றிதழைக் கல்லூரி முதல்வரிடம் வாங்கி, 'ரினியூவல்' என்ற பகுதியில்தான் போட வேண்டும். தவறிப்போய் 'ஃப்ரெஷ்' என்று போட்டால் அடிபட்டுப்போகும். புதிய விண்ணப்பம் படிப்பில் சேர்ந்த ஆண்டுக்கு மட்டுமே. முதல் ஆண்டில் போடாமல் விட்டவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் இந்தக் கதவு திறப்பதில்லை.