ஹெஸ்டியாவின் அடுப்பு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கதைப்புத்தகம் படிக்கிற வயதில் பிள்ளை இருந்தால், பெர்சி ஜாக்சன் என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். கிரேக்கரின் கடல் தெய்வம் பொசைடனுக்கும் நியூயார்க்கில் வாழும் சாதாரணப் பெண் ஒருத்திக்கும் பிறந்த பையன். டெக்சாஸில் பள்ளி ஆசிரியராக இருந்த ரிக் ரியோர்டன், டிஸ்லெக்சியாவால் படிக்கச் சிரமப்பட்ட தன் மகனுக்கு இரவில் சொன்ன கதை இது. முதல் புத்தகம் 2005-இல் வந்தது. அந்த ஐந்து நூல் வரிசையை முடித்துவைத்த 'தி லாஸ்ட் ஒலிம்பியன்' 2009-இல் வந்தது. இன்று அதைப் பற்றித்தான் பேச்சு.

பாதிக்கு மேல் சண்டைதான். மன்ஹாட்டனே உறங்கிக் கிடக்க, பாலத்துக்குப் பாலம் போர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-ஆவது மாடியில் தேவலோகம். கட்டடத்துக்கு இருப்பதோ 102 மாடி. மீதிக் கணக்கைக் கீழே உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம்தான் கேட்க வேண்டும்! பிள்ளைகள் இந்தப் பக்கங்களை விழுந்து விழுந்து படிப்பார்கள். நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது ஒரு சமையலறைக் காட்சியை.

கனெக்டிகட்டில் ஒரு வீடு. அங்கே மே என்றொரு தாய், சித்தம் கலங்கிப்போனவள். அவள் மகன் லூக் ஒன்பது வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போனான். வருடங்கள் ஓடிவிட்டன. அவள் இன்னும் அவனுக்குச் சாப்பாடு செய்து அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். கருகிய பிஸ்கட், சாண்ட்விச். அடியில் இருப்பதெல்லாம் பூசணம் பூத்துக் கிடக்கிறது. வாசலில் வந்து நிற்கும் பெர்சியை "லூக்!" என்று கட்டிக்கொள்கிறாள். அடுத்த நொடி கூட வந்தவனைப் பார்க்கிறாள், அவனும் லூக்தான். அவனையும் கட்டிக்கொள்கிறாள்.

அந்த லூக்தான் கதையின் எதிரி. தேவர்களுக்கு முந்தைய டைட்டன் இனத்தின் தலைவன் க்ரோனோஸுக்குத் தன் உடலையே கொடுத்தவன். அவன் தந்தை ஹெர்மிஸ், ஒரு தெய்வம். எட்டிப் பார்த்தது கிடையாது. நான் சொல்வேன், லூக் போன வழிதான் தப்பு; பெற்ற பிள்ளையை ஏன் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவன் கேட்ட கேள்வி சரியானது.

அந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததும், பக்கத்துக் காட்டில் எரியும் நெருப்பருகே ஒருத்தி தெரிகிறாள், அடுப்பின் தெய்வமான ஹெஸ்டியா. புராணத்தில் க்ரோனோஸ் பெற்ற பிள்ளைகளை விழுங்கினானே, அதில் முதலில் உள்ளே போனவள், கடைசியில் வெளியே வந்தவள். அதனால் மூத்தவளும் அவளே, இளையவளும் அவளே! பழைய கிரேக்கர் படையலில் முதல் பங்கு அவளுக்கு. புது ஊர் அமைக்கப் போகிறவர்கள் தாய் ஊரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துப்போவார்கள். இவ்வளவு இருந்தும் அவளைப் பற்றிய கதைகள் சொற்பம். சண்டைக்கும் போகாமல் காதலிலும் விழாமல் இருப்பவளுக்கு யார் கதை கட்டுவார்கள்? ரியோர்டன் அவளைத் தேடிப்பிடித்து, 'கடைசி ஒலிம்பியன்' என்று தலைப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்.

முடிவைச் சொன்னால் படிக்காதவர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். வென்ற பெர்சிக்குத் தேவர்கள் சாகாவரம் தர முன்வருகிறார்கள். வேண்டாம் என்கிறான். உங்கள் பிள்ளைகளைப் பதின்மூன்று வயதுக்குள் உங்கள் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளுங்கள், அது போதும் என்கிறான். ஒப்புக்கொள்ளப்படாத பிள்ளைகள், தேவர் பிள்ளைகளுக்கான முகாமின் ஹெர்மிஸ் குடிலில் தரையில் நெருக்கியடித்துப் படுத்ததை முதல் புத்தகத்திலேயே பார்த்தவன் அவன்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பாதாள லோகத்து ஸ்டிக்ஸ் நதியில் பெர்சி முங்கி எழுவதையும், கிரேக்க வீரன் அகிலீஸையும் பற்றி நிறையக் குறித்து வந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: ஐந்தாவதை முதலில் எடுத்துவிடாதீர்கள், முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். வணக்கம்.