அவளிடம் கேட்டீர்களா?

(கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே ஓர் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் தெரிந்த முகங்கள் நிறைய இருக்கின்றன. சிலருக்கு நான் தடுப்பூசி போட்டிருக்கிறேன், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறேன். 1986இல் வேலைக்குச் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றேன். முப்பத்தாறு வருஷம் இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் குளத்தங்கரை வரப்புகளிலும் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். குடும்பத்தின் உடல்நல முடிவுகளில் அரசு தலையிடலாமா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அரசாக வீட்டு வாசலில் போய் நின்றவள் நான்தான். அங்கே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு உரிமை இல்லை.

1991, மார்ச் மாதம். அந்தக் காலத்தில் மார்ச் என்றாலே எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒவ்வொரு செவிலியருக்கும் வருஷத்துக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், இத்தனை காப்பர் டி என்று டார்கெட் உண்டு. மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, 'எத்தனை கேஸ்?' என்பார்கள். நாங்களும் மனுஷிகளைக் கேஸ் என்றே சொல்லப் பழகியிருந்தோம். எனக்கு அந்த வருஷம் ஒரே ஒரு கேஸ் குறைந்தது.

குலசேகரம் பக்கம் ஒரு வீடு. புருஷன் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. இரண்டு பெண் குழந்தைகள், சின்னதுக்கு ஐந்து மாசம். திண்ணையில் மாமியாரோடு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினேன். "எனக்க மவன் சம்மதிச்சாச்சு சிஸ்டர், கொண்டு போங்க" என்றார் அந்த அம்மா. மருமகள் உள்ளே மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். கத்தி கிழங்கில் இறங்குகிற சத்தம் திண்ணைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளைக் கூப்பிட்டுப் படிவத்தை நீட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரி ஜீப்பில் வீட்டுக்குத் திரும்பும்போது, பேச்சிப்பாறை ரோட்டில் ஒரு வளைவில் ஜீப் குலுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "சிஸ்டர், இனி எனக்குப் பிள்ளையே உண்டாவாதா? மாமி ரெண்டு வருஷத்துக்குன்னு சொன்னாவ."

படிவத்தில் அவள் கையெழுத்து இருந்தது. புருஷனுடையது இருந்தது. சாட்சிக்கு என்னுடையதும் இருந்தது. எல்லாம் முறைப்படி இருந்தது, அவளுக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. என் டார்கெட் நிறைந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டே போயிருக்கிறேன்.

இதில் தலையிட்டது யார்? அரசு தலையிட்டது, சரி. குடும்பம்? குடும்பமும் சேர்ந்துதானே செய்தது! 'அரசு எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது, எங்கள் குடும்பம் முடிவு செய்துகொள்ளும்' என்று பேசுகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். குடும்பம் என்றால் யார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நம் மாவட்டத்தில் பாதி வீடுகளில் கணவர் வளைகுடாவில் இருப்பார், அல்லது கடலில் இருப்பார். பெண்ணுக்கு ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்பதற்கு மஸ்கட்டிலிருந்து போன் வரும்வரை எல்லோரும் முற்றத்தில் காத்திருப்பார்கள். போன் வந்ததும் முதலில் மாமனார் பேசுவார், அப்புறம் மாமியார், அப்புறம் கொழுந்தன். வலிக்கிறவளுடைய கைக்குப் போன் வரும்போது முடிவெடுத்து முடித்திருப்பார்கள்.

அரசு கெட்டது, குடும்பம் நல்லது என்று பிரிக்க என்னால் முடியாது. திருப்பிப் போட்டும் பிரிக்க முடியாது. இருவரும் ஒன்று சேர்ந்து ஒருத்தியை மறந்துவிடுவதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நெருக்கடி நிலைக் காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் நடந்தது. அதில் பெரும்பாலோர் ஆண்கள். வடக்கே ஊர் ஊராக வளைத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். 1977 தேர்தலில் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அந்தக் கோபத்துக்குப் பயந்து அரசு என்ன செய்தது தெரியுமா? ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆண்களுக்கான ஆபரேஷன் அதைவிடச் சின்னது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். இதை எத்தனை திண்ணைகளில் சொல்லியிருப்பேன்! 'அவன் வெயிட்டுத் தூக்குகிறவன் சிஸ்டர்' என்று ஒரே பதில்தான் வரும். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்குகிறவளைப் பற்றிப் பேச்சே இருக்காது.

1996 ஏப்ரலில் நாடு முழுவதும் டார்கெட்டை எடுத்தார்கள். அந்த உத்தரவு வந்த அன்று நாங்கள் நாலைந்து செவிலியர்கள் டீக்கடையில் நின்று வடை வாங்கிச் சாப்பிட்டோம், திருவிழா மாதிரி. காகிதத்தில் போன பிறகும் அது மனசில் கொஞ்ச காலம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வேறு மாநிலங்களில் முகாம் போட்டுக் கூட்டம் கூட்டமாகச் செய்வது தொடர்ந்தது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் நடந்த முகாம்களில் பதின்மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம், இப்படி முகாம் போட்டுச் செய்வதை மூன்று வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றது.

இவ்வளவு சொன்னதால் அரசு வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பாட்டியின் மேல்கையில் நாலணா அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. அம்மை குத்திய தழும்பு. அவர் கூடப் பிறந்தவர்களில் வைசூரியில் போனவர்கள் உண்டு. நான் பெற்ற பிள்ளைகள் கையில் அந்தத் தழும்பு இல்லை, ஏனென்றால் 1975க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லை. அது தானாகப் போய்விடவில்லை. நம் ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1813இல், ராணி கௌரி லட்சுமி பாய் அம்மை குத்துவதற்கென்று ஒரு துறையையே ஏற்படுத்தினார். ஜனங்கள் பயந்தார்கள். ராணி தன் அரண்மனையில் உள்ளவர்களுக்கே முதலில் குத்தச் செய்து அந்தப் பயத்தைப் போக்கினார். பிறகு 1879இல் அரசு ஊழியர், மாணவர், கைதிகள் ஆகியோருக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கி அரச ஆணை வந்தது.

கையை முதலில் நீட்டிக் காட்டுவது, ஆணை போடுவது, அரசுக்கு இந்த இரண்டு வழிகளும் அன்றிலிருந்தே தெரியும். தொற்றுநோய் என்று வரும்போது இரண்டாவது வழிக்கும் இடம் உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் அது என் வீட்டு மதிலுக்குள் நிற்காது. கர்ப்பப்பை விஷயம் அப்படி இல்லை, அது பக்கத்து வீட்டுக்குத் தொற்றாது. 2022 மே மாதம் கொரோனா தடுப்பூசி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, அவரவர் உடம்பு அவரவருடையது, ஆனால் பொது நலத்துக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒன்பது மாசத்திலிருந்து பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது, ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று. பள்ளிக்கூட வாசலில் தாய்மார் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு ஆத்திரம் வந்தது. கல்வி அறிவில் முன்னால் நிற்கிற மாவட்டம் இப்படியா என்று பேசிக்கொண்டோம். ஒரு நாள் ராத்திரி யோசித்துப் பார்த்தேன். பிள்ளை பிறக்காமல் போகும் என்ற பயம் எங்கிருந்து வந்தது? அரசு உடுப்புப் போட்ட ஒருத்தி வீட்டுக்கு வந்து, 'ஒன்றுமில்லை, சின்ன ஆபரேஷன்' என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போன ஊரில், அந்தப் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாளிலிருந்து பேச்சை மாற்றினேன். ஊசி போட்ட இடம் வலிக்கும், காய்ச்சல் வரலாம், அரிதாக ஒவ்வாமை வரலாம், அதனால்தான் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம் என்று நானாகவே முதலில் சொன்னேன். ஒரு தகப்பனார் மருந்துக் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். காலாவதித் தேதியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். முன்பாக இருந்தால் எனக்கு அது அவமானமாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் தன் பிள்ளைகளோடு தங்கச்சி பிள்ளைகளையும் சேர்த்து நாலு பேராகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களுக்கே இது தெரியவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் கருவைக் கலைக்க 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் துணையின் கையெழுத்துத் தேவையில்லை என்றுதான் அரசு வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனாலும் எத்தனை ஆஸ்பத்திரிகளில் 'வீட்டுக்காரர் வரட்டும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள்!

2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருக்கிறார். உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொள்ள, மருத்துவர் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். பெற்ற தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லை, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த மரச்சீனிக் கிழங்கு உரிக்கிற சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு விஷயம், பிக்மி எண். கர்ப்பம் என்று தெரிந்ததும் பதிந்து எண் வாங்க வேண்டும், பிறப்புப் பதிவுக்கும் அந்த எண் வேண்டும் என்று 2017 வாக்கில் கொண்டுவந்தார்கள். அதனால் நன்மை உண்டு. யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைவு என்று எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் நாம் கேரள எல்லையில் இருக்கிறவர்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் தாய் வீடு, பேறுகாலம் திருவனந்தபுரத்தில். கையில் மலையாள அட்டையோடு பெண்கள் வந்து நிற்பார்கள். எண் இல்லை என்று அலைக்கழித்தால் தண்டனை யாருக்கு? பிறந்த பிள்ளைக்கு. பிறப்புச் சான்றிதழை மிரட்டுகிற கம்பாகப் பிடிக்கக் கூடாது என்று நான் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

நேரமாகிவிட்டது. பின்வரிசையில் அண்ணன் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். கேளுங்கள்.

(அவர் கேட்டது: "எல்லாம் அவளிடம் கேட்கணும்கிறீங்க. அவள் வேண்டாம்னு சொல்லிட்டா? உயிர் போகிற காரியமா இருந்தா விட்டுட்டு வந்துடுவீங்களா?")

நல்ல கேள்வி அண்ணே. விட்டுவிட்டு வர மாட்டேன். மறுபடியும் போவேன்.

ஒரு பெண். இரண்டாவது கர்ப்பம், எட்டாம் மாசம், ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு மேல், கால் இரண்டும் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன், வீட்டில்தான் பெறுவேன் என்றாள். புருஷன் திட்டினான், மாமியார் அழுதார், நான் மிரட்டினேன். ஐந்து தடவை போயிருப்பேன். ஆறாவது தடவை மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, அடுக்களையில் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, 'ஏன் மக்களே வேண்டாம்?' என்று கேட்டேன். அதுவரை 'ஏன்' என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். முதல் பிரசவத்தில், வலியில் கத்தியதற்கு ஆஸ்பத்திரியில் ஒருத்தி தொடையில் அடித்தாளாம். சொல்லக் கூசுகிற வார்த்தையும் சொன்னாளாம். அதை மூன்று வருஷமாக அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் நிற்கலாம் என்று அரசே அனுமதித்திருக்கிறது, உன் அம்மை கூட நிற்கட்டும் என்றேன். டாக்டரிடமும் முன்கூட்டியே பேசினேன். 'அம்மை கையைப் பிடிச்சிட்டு நின்னா வாறேன்' என்றாள். அந்த வார வெள்ளிக்கிழமை ராத்திரி 108 வண்டியில் அவள் அம்மையும் ஏறினார், நானும் ஏறினேன். விடிகாலையில் பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ. தாய்க்கு இரண்டு நாள் ரத்த அழுத்தம் இறங்கவில்லை, மூன்றாம் நாள் இறங்கியது.