கொழும்பில் ஆர்சி கார்: பற்றரியா, என்ஜினா?

[திரையில்: ஒரே அளவிலான இரண்டு பகி கார்கள், மேல்மூடி கழற்றி மேசையில் அருகருகே.]

வணக்கம். மேசையில் இருக்கும் இரண்டும் ஆர்சி கார்கள், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓடும் கார்கள். இரண்டுமே நிஜக் காரில் பத்தில் ஒன்று அளவு. இடது பக்கம் உள்ளதில் ஒரு மோட்டர், ஒரு பற்றரி, இடையில் ஒரு ஸ்பீட் கண்ட்ரோலர், அவ்வளவுதான். வலது பக்கம் உள்ளதில் மூன்று சிசி என்ஜின், கார்புரேட்டர், டாங்கி, சைலன்சர், கிளட்ச், பிரேக் என்று நிஜக் காரில் இருப்பதெல்லாம் இருக்கிறது.

ஆர்சி கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எது வேகம்?" என்றுதான். அதை இப்போதே முடித்துவிடுவோம். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டரும் லிப்போ எனப்படும் லித்தியம் பொலிமர் பற்றரியும் போட்ட கார், அதே அளவு நைட்ரோ காரை, அதாவது வலது பக்கம் உள்ளது போன்ற என்ஜின் காரை, கிளம்பும்போதே முந்திவிடும். வேகத்துக்காக என்ஜின் கார் வாங்கிய காலம் போய்விட்டது. கொழும்பில் இருக்கிறவர் யோசிக்க வேண்டியது வேறு. எங்கே ஓட்டப் போகிறீர்கள்? அதற்கு ஊற்றுவதும் மாட்டுவதும் எங்கே கிடைக்கும்? வேலை முடிந்து வந்த பிறகு கிடைக்கிற ஒரு மணிநேரத்தில் கார் ஓட வேண்டுமா, அல்லது என்ஜினோடு மல்லுக்கட்டினாலும் உங்களுக்குச் சந்தோஷம்தானா?

புறக்கோட்டைக் கடைகளில் தொங்குகிற ரிமோட் கார்களைப் பற்றி நான் பேசவில்லை. அவை உடைந்தால் உடைந்ததுதான், உள்ளே மாற்ற எதுவும் கிடைக்காது. டாமியா, டிராக்ஸஸ், கியோஷோ போன்றவர்கள் செய்யும் ஹொபி தரக் கார்களில் ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் அந்தப் பல்சக்கரத்தை மட்டும் வாங்கிப் போடலாம். இந்தப் பொழுதுபோக்கே அதில்தான் நிற்கிறது.

[திரையில்: குளோ பிளக்கின் நெருக்கமான காட்சி. நுனியில் சின்னக் கம்பிச் சுருள்.]

சரி, என்ஜினுக்கு வருவோம். இதில் இரண்டு சாதி உண்டு, புதியவர்கள் குழம்புவது இங்கேதான். சின்னக் கார்களில் இருப்பது நைட்ரோ என்ஜின். அதற்குப் பெற்றோல் ஊற்ற முடியாது. மெதனோல், நைட்ரோமீதேன், ஒயில் மூன்றும் கலந்த தனி எரிபொருள்தான் அது குடிக்கும். அதற்குக் காரணம் இந்தச் சின்னக் குளோ பிளக். இதில் தீப்பொறி கிடையாது. நுனியில் இருப்பது பிளாட்டினம் கலந்த சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்த வோல்ட்டை எடுத்துவிடலாம். மெதனோல் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வேதிவினையின் சூடும், பிஸ்டன் அழுத்துகிற சூடும் சேர்ந்து சுருளை அணையாமல் வைத்திருக்கும். பெற்றோலுக்கு இந்த வித்தை பலிக்காது.

இன்னொரு சாதி பெரிய கார்கள், ஐந்தில் ஒன்று அளவு. அவற்றில் 23 முதல் 30 சிசி வரை வரும் என்ஜின், நிஜமான ஸ்பார்க் பிளக். பெற்றோல் செட்டில் அடித்த பெற்றோலில் டூ ஸ்ட்ரோக் ஒயிலை அளந்து கலந்தால் போதும். எரிபொருள் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கார் பத்துக் கிலோவுக்கு மேல். அதைக் கொழும்பு நகருக்குள் ஓட்ட நினைப்பதே ஆபத்து. கிராமத்தில் தென்னந்தோட்டம் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

[திரையில்: நைட்ரோ கார் தரையில் நின்றபடி, புகையோடு, ஐடிலில்.]

நைட்ரோ பிடித்தவர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று சொல்லாவிட்டால் நியாயமில்லை. அந்தச் சத்தம், ஆமணக்கு ஒயில் கலந்திருந்தால் வரும் அந்த வாசம், சைலன்சரிலிருந்து கோடு போட்ட மாதிரிப் பின்தொடரும் வெள்ளைப் புகை. இதெல்லாம் பற்றரிக் காரில் கிடைக்கவே கிடைக்காது. டாங்கி காலியானால் நிரப்பிவிட்டு உடனே ஓடலாம், சார்ஜ் ஏற காத்திருக்க வேண்டாம்.

ஆனால் விலை காசு மட்டும் அல்ல. புது என்ஜினை முதல் நாளே முறுக்கக் கூடாது. முதல் சில டாங்கிகளை எரிபொருள் கூடுதலாகப் போகிற மாதிரி வைத்து, மெதுவாக ஓட்டி, பிஸ்டனும் அது ஏறி இறங்கும் குழலான ஸ்லீவும் ஒன்றோடொன்று பழக விட வேண்டும். அப்புறம்தான் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசிகளைத் தொட வேண்டும். கார்புரேட்டரில் வேகத்துக்கு ஒரு ஊசி, கார் நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலுக்கு ஒரு ஊசி. இங்கே பாருங்கள்.

[திரையில்: விரல்கள் கார்புரேட்டருக்குப் போகும் சிலிக்கன் குழாயை நசுக்குகின்றன. என்ஜின் சத்தம் சற்று ஏறி, அணைகிறது.]

ஐடிலில் ஓடும்போது குழாயை இப்படி நசுக்கினேன். சத்தம் கொஞ்சம் ஏறி, இரண்டு மூன்று வினாடியில் அணைந்தது. ஐடில் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நசுக்கிய உடனே அணைந்தால் எரிபொருள் போதவில்லை. நசுக்கிய பிறகும் நெடுநேரம் சத்தம் ஏறிக்கொண்டே போனால் எரிபொருள் அதிகம். அடுத்தது, ஒரு சுற்று ஓட்டி வந்ததும் என்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர். சொட்டு மூன்று, நான்கு வினாடி கொதித்துக் காய்ந்தால் நல்லது. விழுந்த நொடியே சீறிப் பறந்தால் என்ஜின் வெந்துகொண்டிருக்கிறது, உடனே வேக ஊசியைத் திறந்துவிடுங்கள்.

இதில் கொழும்புக்கென்று ஒரு தொல்லை உண்டு. சூடான, ஈரமான காற்றில் ஒட்சிசன் குறைவு. காலையில் ஊசியைச் சரியாக வைத்த கார் நடுப்பகலில் மந்தமாகிப் புகை கக்கும். மழைக்குப் பிறகு மறுபடி வேறு மாதிரி. அதோடு மெதனோல் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். போத்தல் மூடியைத் தளர்வாக விட்டுவைத்தால் அடுத்த மாதம் அந்த எரிபொருளில் என்ஜின் ஒழுங்காக ஓடாது, உள்ளே பேரிங்கும் துருப்பிடிக்கும். ஓட்டி முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, என்ஜினுக்குள் சில சொட்டு ஆஃப்டர் ரன் ஒயில் விட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு நாள் சோம்பினாலும் என்ஜின் அதை மறக்காது.

[திரையில்: சார்ஜர் திரை. மூன்று செல்லும் 4.20 காட்டுகிறது.]

பற்றரிக் காருக்கு இவ்வளவு கதை இல்லை. ஆனால் கதையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். லிப்போவில் ஒரு செல் 3.7 வோல்ட். இரண்டு செல் என்றால் 7.4, மூன்று என்றால் 11.1. முழுக்க ஏறினால் செல்லுக்கு 4.2. செல்லை மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் பற்றரி சாகும். இந்த வெள்ளைச் சின்னக் கனெக்டரைப் பாருங்கள், ஒவ்வொரு செல்லும் சமமாக ஏறுகிறதா என்று சார்ஜர் பார்ப்பது இதன் வழியாகத்தான். இதை மாட்டாமல் சார்ஜ் போடாதீர்கள். 5000 மில்லி ஆம்பியர் மணி பற்றரிக்கு ஐந்து ஆம்பியர் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணிநேரம். ஊதிப்போன பற்றரி எவ்வளவு புதிதாக இருந்தாலும் மறுபடி காருக்குள் போகக் கூடாது. ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மட்டும் வைக்க வேண்டாம்.

இன்னொன்று, மோட்டர் சூடு. புல்லில் ஓட்டும்போது மோட்டருக்குச் சுமை கூடும். ஐந்து நிமிடத்தில் மோட்டரைத் தொட முடியாமல் சுட்டால் மோட்டர் தண்டில் இருக்கும் பினியனைச் சிறிய பல்சக்கரமாக மாற்றுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், மோட்டர் பிழைக்கும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். இரண்டு செல், 5000 மில்லி ஆம்பியர் மணி பற்றரியில் அடங்குவது 37 வாட் மணி. சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு யூனிட் கரண்டில் இருபது தடவைக்கு மேல் சார்ஜ் ஏறும். வீட்டில் யாரும் லைட் பில்லைக் காட்டிச் சண்டை பிடிக்க முடியாது. நைட்ரோவில் 75 சிசி டாங்கி பத்து நிமிடம் போகும் என்று வைத்தால், ஒரு லீற்றர் எரிபொருள் இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேல். இடையில் குளோ பிளக் ஒன்றிரண்டு போகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் ஒரு நாள் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது பற்றரிக்காரர்களைப் பார்த்து நைட்ரோக்காரர்கள் சிரித்திருப்பார்கள். நியாயம்தான்.

[திரையில்: மாலை நேரக் காலி முகத்திடல். பட்டங்கள், வடை வண்டிகள், கூட்டம்.]

இப்போது இடம். காலி முகத்திடலைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பின்னேரம் அங்கே பட்டம் விடும் பிள்ளைகள் மேலே பார்த்தபடி பின்னோக்கி ஓடுவார்கள். மூன்று கிலோ கார் ஒன்று அந்தக் காலில் மோதினால் என்ன ஆகும்? ஓட்டுவதென்றால் அதிகாலை, ஆள் இல்லாத மூலை, அதுவும் பற்றரிக் கார் மட்டும். சிக்னல் போனால் ஒழுங்கான பற்றரிக் காரில் ஸ்பீட் கண்ட்ரோலர் மோட்டரை நிறுத்திவிடும். நைட்ரோ காரில் திறந்த திரொட்டில் திறந்தபடியே நிற்கக்கூடும். அதனால்தான் சிக்னல் போனதும் திரொட்டிலைத் தானாக மூடும் ஃபெயில் சேஃப் இல்லாமலும், திரொட்டிலை இழுத்து மூடும் ஸ்பிரிங் இல்லாமலும் நைட்ரோ காரை ஓட்டக் கூடாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு இடம் என்பது கீழே உள்ள வாகனத் தரிப்பிடம்தான். அங்கே நைட்ரோ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். முதலில் காவலாளி வருவார், அப்புறம் மூன்றாம் மாடி ஆன்ட்டி வருவார். பற்றரிக் கார் என்றால் அதே ஆன்ட்டியின் பேரன் வருவான், ஒரு ரவுண்ட் கேட்பான். கடற்கரைப் பக்கம் ஓட்டுபவர்கள் எந்தக் காராக இருந்தாலும் அன்றைக்கே துடைத்து, பேரிங்குகளுக்கு ஒயில் விடுங்கள். தண்ணீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருப்பது உப்புக்குப் பொருந்தாது.

உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லி எடுப்பதுதான் நம் வழக்கம். லிப்போ கொண்டுவரலாம். ஆனால் கைப்பையில் மட்டும், முனைகளை மூடி, அதுவும் 100 வாட் மணிக்குள். நம்முடைய 37 வாட் மணிப் பற்றரி அதற்குள் அடங்கும். நைட்ரோ எரிபொருளை எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது. எரிபொருள் வாசம் அடிக்கிற பழைய என்ஜினைக்கூட விமானக் கம்பனி தடுக்கலாம். லண்டனிலிருந்து வரும் மாமாவை விமான நிலையத்தில் மாட்டிவிடாதீர்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், கொழும்பில் முதல் கார் பற்றரிக் காராகவே இருக்கட்டும். பத்தில் ஒன்று அளவு, இரண்டு செல், கூடவே ஒரு நல்ல சார்ஜர். காரைவிடச் சார்ஜருக்கு யோசித்துச் செலவழியுங்கள். வாங்குவதற்கு முன் அதே கடையில் அந்த மொடலுக்கு முன் சஸ்பென்ஷன் ஆர்மும், பினியனோடு சேரும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரும் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் உடைவது அவைதான். "ஓடர் பண்ணித் தரலாம்" என்று பதில் வந்தால் வேறு மொடல் பாருங்கள்.

நைட்ரோ? ஓட்டிப் பழகிய பிறகும் அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தால், ஊரைவிட்டுத் தள்ளி ஒரு காணி கிடைத்தால், தாராளமாக வாங்குங்கள். ஊசி திருப்புவதில் சுகம் காண்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பொம்மை இல்லை.

[திரையில்: ஆறிய என்ஜின். விரல் ஃபிளைவீலைச் சுழற்றுகிறது.]

பெரும்பாலும் பழைய கார்தான் கைக்கு வரும். அப்படி வாங்கப் போனால், விற்பவர் சூடாக்கி ஓட்டிக் காட்டுவதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். என்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் உள்ளேயே இருக்க, ஃபிளைவீலைக் கையால் சுழற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் ஸ்லீவ் குறுகல், அங்கே விரலுக்கு இறுக்கம் தெரிய வேண்டும். இறுக்கமே இல்லாமல் வழவழவென்று சுற்றினால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்து முடிந்துவிட்டன. புதுச் செட்டின் விலையைக் கழித்துத் தந்தால் மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.