ஐம்பது கஜத்து ஆட்டக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து என்றால் பரந்த திறந்தவெளி மைதானமும் ஹெல்மெட் போட்ட வீரர்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஆட்டத்தைக் கூரைக்குக் கீழே ஆடும் ஒரு வடிவமும் உண்டு. அரீனா ஃபுட்பால் என்பார்கள். அதில் ஆடி, அதிலேயே பயிற்சியாளராகி, அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் அணி ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர் வரை உயர்ந்த ஜே க்ரூடனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். வாஷிங்டன் அணியோடு அவர் தோற்ற ஆட்டங்களை எண்ணித்தான் பெரும்பாலும் அவரை எடைபோடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1981-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கு சாக்கர் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர், கையிலிருந்த காகித உறையின் மேல் வரைந்து பார்த்த யோசனை இது. 1987-இல் நான்கு அணிகளோடு லீக் தொடங்கியது. மைதானம் ஏறக்குறைய ஐஸ் ஹாக்கித் தளத்தின் அளவுதான்: 50 கஜ நீளம், 85 அடி அகலம். என்எஃப்எல்லில் இது 100 கஜம், 160 அடி. ஒரு பக்கத்துக்கு 11 பேர் அல்ல, 8 பேர். ஓரத்தில் மெத்தை வைத்த தடுப்புச் சுவர். கோல்போஸ்ட்டின் இரு பக்கமும் உயரமான வலை. வலையில் மோதித் திரும்பும் பந்து செத்துப்போவதில்லை, பிடித்துக்கொண்டு ஓடலாம். முன்னேற முடியாதபோது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடும் வழக்கம் இங்கே கிடையாது. அதனால் ஓர் அணி ஐம்பது, அறுபது புள்ளி எடுப்பது சாதாரணம்.

இந்த நெருக்கடியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கின் நிலையை யோசித்துப் பாருங்கள். யார் கைக்கு எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். க்ரூடன் அங்கே ராஜாவாக இருந்தார். லூயிவில் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காக இருந்தவரை என்எஃப்எல் அணி எதுவும் தேர்வில் எடுக்கவில்லை. அந்த லீக்கில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 1991-இல் புளோரிடாவின் டாம்பா பே ஸ்டார்ம் அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டே சாம்பியன் பட்டம். 1993, 1995, 1996 என்று மேலும் மூன்று. நடுவில் 1992-இல் லீக்கின் சிறந்த வீரர் விருது. 1996 இறுதிப் போட்டியில் 42-38 என்று அவர்கள் வென்றது அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணியை. அந்த அணியின் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர். ஆம், பிறகு என்எஃப்எல்லுக்குப் போய் அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்ற அதே வார்னர்தான்!

க்ரூடன் வீட்டில் பயிற்சியாளர் வேலை புதிதல்ல. அப்பா ஜிம், அண்ணன் ஜான், இருவருமே அந்தத் தொழில்தான். ஜேயும் 1997-இல் நாஷ்வில் அரீனா அணியில் உதவிப் பயிற்சியாளர், மறு ஆண்டே ஆர்லாண்டோ பிரிடேட்டர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அந்த 1998 இறுதிப் போட்டி எனக்கு மிகவும் பிடித்தது. நடந்த ஊர் டாம்பா, எதிரணி டாம்பா பே ஸ்டார்ம். தான் நான்கு பட்டம் வாங்கிக்கொடுத்த அணியை, அதன் சொந்த ரசிகர்கள் முன்னால், 62-31 என்று வீழ்த்தினார். 2000-இல் ஆர்லாண்டோவுக்கு இன்னொரு பட்டம்.

அப்புறம் செய்தார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியை விட்டு இறங்கி, 2002-இல் அதே ஆர்லாண்டோ அணிக்கு மறுபடியும் குவார்ட்டர்பேக்காக ஆட வந்தார். வயது 35. தான் உத்தரவு போட்ட இடத்தில் இன்னொருவர் உத்தரவுக்குக் கீழே இரண்டு பருவம் ஆடினார். மரியாதை குறைந்துவிடுமோ என்று தயங்குகிறவரால் இது முடியாது. 2004-இல் மீண்டும் அங்கேயே தலைமைப் பயிற்சியாளர்.

அதே காலத்தில் அண்ணன் ஜானுக்குக் கீழே என்எஃப்எல் அணியான டாம்பா பே பக்கனீர்ஸில் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார். 2003 ஜனவரியில் அந்த அணி சூப்பர் பவுல் வென்றது. 2011-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் தாக்குதல் ஆட்டப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஆண்டி டால்டன் என்ற புதுமுகக் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போனார்கள். 2014-இல் வாஷிங்டன் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அங்கே 35 வெற்றி, 49 தோல்வி, ஒரு டிரா. 2019-இல் முதல் ஐந்து ஆட்டமும் தோற்றதும் பதவி போனது.

இந்தக் கணக்கை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே வாஷிங்டனில் 2015-இல் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினை உட்காரவைத்துவிட்டு கர்க் கசின்ஸை இறக்கியவர் அவர். அந்த ஆண்டு 9 வெற்றி, 7 தோல்வி என்று தங்கள் பிரிவில் முதலிடம். இன்னொன்றும் உண்டு. ஷான் மக்வே என்ற இளைஞர் 2009-இல் புளோரிடா டஸ்கர்ஸ் அணியில் க்ரூடனோடு வேலை பார்த்தவர். அவரை வாஷிங்டனில் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாளராக்கினார் க்ரூடன். மக்வே 2017-இல், முப்பது வயதில், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2022-இல் சூப்பர் பவுலும் வென்றார். க்ரூடனின் பயிற்சியாளர் கணக்கை எழுதுகிறவர்கள் இதையும் அதில் சேர்த்து எழுத வேண்டும்.

வணக்கம்.