பொம்மையின் கன்னத்தில் ஏன் திட்டு?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனத்தை விட்டுப் போகவே இல்லை. மயிலாப்பூரில் கொலு பொம்மை விற்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் இணையப் பக்கத்தில் போடும் படங்களைச் சேமிக்கும்போது தரத்தை 80, 40 என்று குறைத்து இப்போது 10-க்கு இறக்கிவிட்டேன். மீனாட்சியின் கன்னம் திட்டுத் திட்டாகிவிட்டது. பக்கம் இன்னும் மெதுவாகத்தான் திறக்கிறது. வேறு என்ன செய்வது?"

அம்மா, நம் வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பதில் முன்பே தெரிந்திருக்கும். முதலில் அளவு, அப்புறம்தான் தரம்.

உங்கள் போன் எடுக்கும் படம் 4000-க்கு 3000 பிக்சல், அதாவது நிறப் புள்ளி, என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.2 கோடி. தரத்தை 10 ஆக்கினாலும் அந்த 1.2 கோடியும் அப்படியே இருக்கும். பைல் சிறிதாகும், ஆனால் வாங்குகிறவரின் போன் அத்தனை பிக்சலையும் விரித்தாக வேண்டும். பிக்சலுக்கு 4 பைட் கணக்கில் ஒரு பொம்மைக்கே 48 எம்பி. உங்கள் பக்கத்தில் இருபது பொம்மை இருக்கிறதே! பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் அகலம் 400 என்று எழுதினால் கண்ணுக்குத்தான் சிறிதாகத் தெரியும், முழுப் படமும் இறங்கித்தான் தீரும்.

ஜாக்கெட்டுக்கு ஒரு மீட்டர் போதும் என்றால் பத்து மீட்டரை வாங்கி மடித்து மடித்துத் திணிக்கிறோமா? அளவாக வெட்டுகிறோம். அதுபோல 800-க்கு 600 ஆக்குங்கள். அகலம் ஐந்தில் ஒன்று, உயரம் ஐந்தில் ஒன்று, ஐயைந்து இருபத்தைந்து. 1.2 கோடி இருந்த இடத்தில் 4.8 லட்சம்தான். 400 இடத்துக்கு 800 எதற்கு என்றால், போன் திரைகளில் பிக்சல் இரண்டு மூன்று மடங்கு நெருக்கமாக இருக்கும். வெட்டிய பிறகு தரத்தை 75, 80 என்றே வைத்துக்கொள்ளலாம். முகம் முகமாகவே இருக்கும்.

ஆனால் எனக்கு அந்தக் கன்னம்தான் முக்கியம். ஏன் திட்டு விழுந்தது என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது. ஜேபெக் என்பது படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கும். கட்டத்துக்குள் இருக்கும் 64 பிக்சல்களின் எண்களை 64 அலைகளாக மாற்றி, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண்ணிய அலைகளை முதலில் கைவிடும். தரம் 10 என்றால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும், கட்டத்தின் சராசரி நிறம்தான் மிஞ்சும். ரோஸிலிருந்து மஞ்சளுக்கு மெல்ல இறங்கும் கன்னம் படிக்கட்டாகிவிடும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள், மை தீட்டிய கண்ணைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல அழுக்கு தெரியும். கறுப்பும் வெள்ளையும் சட்டென்று சந்திக்கும் இடத்துக்கு அந்த நுண்ணிய அலைகள் வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடன் நடராஜன், கே. ஆர். ராவ் என மூவரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரை. 1992-இல் ஜேபெக் தரமாக வந்தபோது அதன் நெஞ்சில் இருந்தது அதுதான். மாட வீதிப் பொம்மையை இன்று உலகமே பார்க்கிறதென்றால் அதில் இவர்களுக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் தசாவதார செட் ஒன்று பார்த்தேன். கடைக்காரர் அனுப்பிய படத்தில் மச்சாவதாரத்தின் செதிலே இல்லை. நேரில் போனால் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தீட்டியிருந்தார்கள்! வாட்ஸ்அப்பில் கை மாறிக் கை மாறி வந்த படம் அது. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. அதனால் அம்மா, கேமராவில் எடுத்த அசலைத் தனியாக வைத்துவிட்டு, நகலை எடுத்து வெட்டுங்கள். இப்போது இருக்கும் 10 தரப் படத்தை 80 ஆக்கிச் சேமித்தால் கன்னம் சரியாகாது, அசல் கையில் இல்லையென்றால் மீனாட்சியை மறுபடி படம் எடுக்கத்தான் வேண்டும்.