தனியாக ஓடும் ஹாமில்டன் நாய்

அனைவருக்கும் வணக்கம். வேட்டைநாய் என்றாலே குதிரை மேல் கனவான்கள், முன்னால் இருபது முப்பது நாய்கள் என்றுதான் படங்களில் பார்த்திருப்போம். அது இங்கிலாந்துப் பாணி. இன்று நான் சொல்லவந்த சுவீடன் நாய், ஹாமில்டன்ஸ்டோவாரே, கூட்டம் சேராது. தனியாகத்தான் ஓடும்.

ஏன் அப்படி? அங்கே நெடுங்காலம் வேட்டை என்பது அரசர், பிரபுக்கள் வீட்டுச் சொத்து. 1789இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ், சொந்த நிலம் உள்ள குடியானவரும் தம் நிலத்தில் வேட்டையாடலாம் என்றார். சரி, உரிமை வந்துவிட்டது. நாய்ப்படைக்குத் தீனி போட அவரிடம் வசதி ஏது? ஒரே நாய் எல்லா வேலையும் பார்க்க வேண்டியிருந்தது.

பின்னர் அடோல்ஃப் பாட்ரிக் ஹாமில்டன் என்ற பிரபு, இங்கிலீஷ் ஃபாக்ஸ்ஹவுண்ட், ஹாரியர் ஆகிய இங்கிலாந்து வேட்டைநாய்களோடு ஜெர்மானிய வேட்டைநாய்களையும் கலந்து இந்த இனத்தை நிலைப்படுத்தினார். 1886இல் யோன்ஷோப்பிங் நகரக் கண்காட்சிக்கு அவர் கொண்டுவந்த பாங், ஸ்டெல்லா என்ற ஜோடிதான் இனத்தின் மூலம் என்பார்கள். முதலில் 'சுவீடன் ஸ்டோவாரே' என்றுதான் பெயர்; ஸ்டோவாரே என்றால் தடம் பிடித்து ஓடும் வேட்டைநாய். 1921இல் அவர் நினைவாக மாற்றினார்கள்.

இனி தோற்றம். முதுகிலும் விலாவிலும் கருப்புப் போர்வை, தலையும் கால்களும் செம்பழுப்பு. மூக்குத்தண்டு, கழுத்து, மார்பு, பாதங்கள், வால்நுனி வெள்ளை. ஆண் நாய் சுமார் 57 சென்டிமீட்டர் உயரம், பெண் 53. மேல்மயிர் உடம்போடு ஒட்டிப் படிந்திருக்கும், அடியில் மென்மயிர். பனியில் நாள் முழுக்க ஓடுகிற நாய்க்கு அது இல்லாமல் முடியாது. மூன்று நிறமும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இதன் பெருமை தொண்டையில்தான் இருக்கிறது.

முயலை எழுப்பியதும் குரைத்துக்கொண்டே தடம் பிடித்துப் போகும். பழகிய எல்லையை விட்டுப் போக முயலுக்கு மனம் வராது. பெரிய வட்டமடித்துப் புறப்பட்ட பக்கமே திரும்பும். வேட்டைக்காரர் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. குரைப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காதால் கணக்குப்போட்டு, முயல் வரக்கூடிய வழியில் போய் நின்றுகொள்வார். நரிக்கும் இதே முறைதான். குறுக்கே மான் ஓடினால்? பார்க்காததுபோல் விட்டுவிட வேண்டும். மான் பின்னால் போகிற நாய், எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், முயல் வேட்டைக்காரருக்குத் தலைவலிதான்.